பேக்பைப் சத்தம் கேட்டாலே மனசு கனக்குதே, ஏன்? பைப்பை எடுக்கத் திரும்பிப் போன 20 வயது ஜேம்ஸ் ரிச்சர்ட்சனின் கதை

2022 செப்டம்பர் 19. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் ராணி இரண்டாம் எலிசபெத்தின் இறுதிச் சடங்கு. உலகம் முழுக்க நேரலையில் பார்த்தார்கள். பாடல்கள், பிரார்த்தனை, மௌனம் எல்லாம் முடிந்தது. கடைசியாக ஒரே ஒரு ஆள், ராணியின் பைப்பர் பால் பர்ன்ஸ், பேக்பைப்பை ஊதத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் ஊதிக்கொண்டே திரும்பி நடந்தார். அவர் போகப் போக சத்தமும் தேய்ந்துகொண்டே போய் நின்றது. அன்றைக்கு அதைப் பார்த்தவர்களில் பலருக்கும் மறக்காத காட்சி அதுதான்.

ராஜ குடும்பத்துக்கு மட்டும் இல்லை. நியூயார்க்கில் தீயணைப்பு வீரர் இறந்தாலும், கனடாவில் ராணுவ வீரர் இறந்தாலும், எடின்பரோவில் யாரோ ஒரு தாத்தா இறந்தாலும் இந்தச் சத்தம் கேட்கும். ஹாலிவுட் படங்களில் மழை, கருப்புக் குடை, சவப்பெட்டி வந்தால் பின்னாடியே பேக்பைப்பும் வந்துவிடும்.

ஆனால் ஒரு விஷயம் தெரியுமா? இந்தக் கருவியை இங்கிலாந்தின் நீதிமன்றம் ஒன்று போர்க்கருவி என்றே சொல்லியிருக்கிறது. 1746-ல் ஸ்காட்லாந்துக் கிளர்ச்சி அடக்கப்பட்டபோது ஜேம்ஸ் ரீட் என்ற பைப்பர் பிடிபட்டார். துப்பாக்கியும் வாளும் தன்னிடம் இல்லை, பைப்தான் ஊதினேன் என்பது அவர் தரப்பு வாதம். பைப்பர் இல்லாமல் ஹைலேண்ட் படை போருக்குக் கிளம்பாது, அதனால் பைப்பும் ஆயுதம்தான் என்று முடிவு செய்த நீதிபதிகள் அவரை யார்க் நகரில் தூக்கில் போட்டார்கள்.

சண்டைக்கு ஆள் கிளப்பிய சத்தம், செத்தவர்களுக்கு அழுகிற சத்தமாக மாறியது எப்படி? இதற்கு வரலாற்றுப் பாடம் நடத்துவதைவிட ஒருவரின் வாழ்க்கையைச் சொன்னால் சுலபமாகப் புரியும். 20 வருஷம் மட்டுமே நீடித்த வாழ்க்கை அது.

யார் இந்த ஜேம்ஸ் ரிச்சர்ட்சன்?

முழுப் பெயர் ஜேம்ஸ் க்ளீலண்ட் ரிச்சர்ட்சன். 1895 நவம்பர் 25-ல் ஸ்காட்லாந்தின் லனார்க்ஷயர் பகுதியில் உள்ள பெல்ஸ்ஹில் என்ற ஊரில் பிறந்தார். கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில் நிலக்கரிச் சுரங்கமும் இரும்பு ஆலைகளுமாக இருந்த பகுதி. வீட்டுக்கு மூத்த பிள்ளை. அப்பா பெயர் டேவிட்.

முதல் உலகப் போருக்கு முந்தைய அந்த வருஷங்களில் ஸ்காட்லாந்தில் இருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் கனடாவுக்குப் போனார்கள். ரிச்சர்ட்சன் குடும்பமும் கிளம்பியது. கனடாவின் மேற்குக் கோடியில், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், வான்கூவருக்குக் கிழக்கே இருக்கும் சில்லிவாக் என்ற சின்ன ஊரில் அப்பா காவல்துறைத் தலைவர் ஆனார். ஜேம்ஸ் வான்கூவர் பக்கம் வேலைக்குப் போனார்.

ஊர் விட்டு ஊர் போகிறவர்கள் சொந்த ஊரின் ஏதாவது ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள் இல்லையா, கனடா போன ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு அது பேக்பைப். குளிர் ஆனாலும் கட்டம் போட்ட கில்ட்டைக் கட்டிக்கொண்டு, பைப்பர் முன்னே போக, அணிவகுத்து நடப்பார்கள். ஒவ்வொரு பெரிய ஊரிலும் ஹைலேண்டர் என்ற பெயரில் ஒரு தன்னார்வப் படை இருந்தது. வான்கூவரில் இருந்தது 72-வது சீஃபோர்த் ஹைலேண்டர்ஸ். அதன் இளைஞர் பிரிவில் ஜேம்ஸ் பைப்பராக இருந்தார்.

அந்தக் கருவியில் அப்படி என்ன இருக்கு?

கதையைத் தொடரும் முன் கருவியைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். பின்னால் நடந்தது புரிய இது தேவைப்படும்.

தோளுக்கு அடியில் இடுக்கிக்கொள்ளும் ஒரு பை. வாயால் ஊதினால் காற்று நேராகக் குழலுக்குப் போகாது, பைக்குள் போய் நிரம்பும். கையால் பையை அழுத்த அழுத்த, காற்று குழல்களுக்குப் போகும். அதனால் ஊதுகிறவர் மூச்சு வாங்கினாலும் சத்தம் நிற்காது. விரல் வைத்து வாசிக்கிற குழலின் பெயர் சான்டர். தோள் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மூன்று குழல்கள் ட்ரோன். அவை ஒரே சுருதியைத் தொடர்ந்து இழுத்துக்கொண்டே இருக்கும். நம்ம நாதஸ்வரக் கச்சேரியில் பக்கத்தில் ஒருவர் ஒத்து ஊதிக்கொண்டே இருப்பாரே, கிட்டத்தட்ட அந்த வேலை. இங்கே நாதஸ்வரமும் ஒத்தும் ஒரே ஆளிடம்.

மொத்தம் ஒன்பது சுரம்தான். அந்தச் சுரங்களும் பியானோவின் சுரங்களோடு சரியாக ஒட்டாது. மேற்கத்திய இசையில் பழகிய காதுக்கு இது சந்தோஷமா சோகமா என்று பிடிபடாத இடத்தில் நிற்கும்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான் இருக்கிறது. பேக்பைப்பில் சத்தத்தைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. பாட்டு நடுவில் ஒரு நொடி நிறுத்தவும் முடியாது. வயலின்காரர் மெதுவாகத் தேய்த்து விம்மலைக் கொண்டுவருவார். பைப்பருக்கு அந்த வசதி கிடையாது. இரண்டு சுரங்களுக்கு நடுவே விரலைத் தட்டித் தட்டிப் போடும் சின்ன அலங்காரங்களில்தான் அவர் உணர்ச்சியைக் காட்டியாக வேண்டும். சத்தம் குறைய வேண்டுமானால் ஒரே வழி, அவர் நம்மை விட்டு விலகி நடக்க வேண்டும். வெஸ்ட்மின்ஸ்டரில் பால் பர்ன்ஸ் செய்தது அதைத்தான். வேறொரு கருவியாக இருந்திருந்தால் நின்ற இடத்தில் நின்றபடியே முடித்திருக்கலாம்.

இப்படி வெட்டவெளியில் வெகுதூரம் கேட்கிற, நடந்துகொண்டே வாசிக்க முடிகிற, நிற்காத சத்தம் கொண்ட கருவியைப் போர்த் தளபதிகள் விட்டுவைப்பார்களா?

போருக்குப் போன பைப்பர்

1914 ஆகஸ்டில் போர் மூண்டது. அடுத்த மாதமே, கியூபெக் மாகாணத்தில் வால்கார்ட்டியே என்ற இடத்தில் அவசரமாக எழுப்பப்பட்ட ராணுவ முகாமில் ஜேம்ஸ் பெயர் கொடுத்தார். வயது 18.

வான்கூவர், விக்டோரியா, வின்னிபெக், ஹாமில்டன் என நான்கு ஊர்களின் ஹைலேண்டர் படைகளை ஒன்றாகச் சேர்த்து ஒரு பட்டாலியன் உருவாக்கினார்கள். பெயர் 16-வது பட்டாலியன், கனடியன் ஸ்காட்டிஷ். நான்கு ஊர்க்காரர்களும் ஆளுக்கொரு கட்டம் போட்ட கில்ட்டோடு வந்தார்கள் என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அக்டோபரில் கப்பல் ஏறி, இங்கிலாந்தில் பயிற்சி முடித்து, 1915 பிப்ரவரியில் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தார்கள்.

பட்டாலியனில் பைப்பரின் வேலை என்ன? காலையில் எழுப்புவதும், அணிவகுப்பில் நடையை இழுத்துப் பிடிப்பதும் அவர்தான். களைத்துப்போன வீரர்களுக்கு மாலையில் பாட்டு வாசிப்பதும், சண்டை நேரத்தில் ஸ்ட்ரெச்சர் தூக்குவதும் அவர் தலையில்தான் விழும். ஆள் செத்தால் குழிக்குப் பக்கத்தில் நின்று வாசிக்க வேண்டும். சில சமயம், தாக்குதலுக்குக் கிளம்பும்போது முன்னால் நடக்க வேண்டும். காலையில் யாரைத் தட்டி எழுப்பினாரோ அவருக்கே சாயங்காலம் ஒப்பாரி வாசிக்க நேர்ந்தால்? அந்த வேலையில் இது அபூர்வம் கிடையாது.

1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர் பகுதியில் ஜெர்மனி குளோரின் விஷவாயுவைத் திறந்துவிட்டது. அன்றிரவே 16-வது பட்டாலியனும் 10-வது பட்டாலியனும் கிச்சனர்ஸ் வுட் என்ற காட்டுப்பகுதியைத் தாக்கின. போனவர்களில் பாதிக்கு மேல் செத்தார்கள் அல்லது காயம்பட்டார்கள். அதற்குப் பிறகும் பட்டாலியன் தாக்குதலுக்குப் பைப்பர்களை அழைத்துப் போவதை நிறுத்தவில்லை. ஒரு கையில் துப்பாக்கிகூட இல்லாமல், இரண்டு கையாலும் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நடக்கிற ஆள். எதிரியின் இயந்திரத் துப்பாக்கிக்கு அதைவிடச் சுலபமான குறி கிடைக்குமா? அந்தப் போரில் பிரிட்டிஷ் பேரரசின் படைகளில் பைப்பர்கள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள்.

1916 அக்டோபர் 8: முள்கம்பிக்கு முன்னால் பத்து நிமிடம்

சோம் யுத்தம் தொடங்கி மூன்று மாதம் தாண்டியிருந்தது. பிரான்ஸின் கூர்செலெட் கிராமத்துக்கு வடக்கே ஜெர்மானியர்களின் நீண்ட பதுங்கு குழி ஒன்று இருந்தது. கனடா வீரர்கள் அதை ரெஜினா டிரெஞ்ச் என்பார்கள். ரெஜினா என்பது அவர்கள் நாட்டில் ஒரு நகரத்தின் பெயர். அந்தக் குழியைப் பிடிக்கும் வேலை அக்டோபர் 8-ம் தேதி அதிகாலை 16-வது பட்டாலியனுக்கும் வந்தது.

ஜேம்ஸைக் கட்டாயப்படுத்தி யாரும் அனுப்பவில்லை. கமாண்டிங் ஆபீஸரிடம் தானாகப் போய், தன் கம்பெனியைப் பைப் ஊதி அழைத்துப் போக அனுமதி கேட்டு வாங்கினார். ஆரம்பத்தில் அவர் ஊதவில்லை. மற்றவர்களோடு சேர்ந்து முன்னே நடந்தார்.

குழியை நெருங்கியபோதுதான் தெரிந்தது, முள்கம்பி வேலி அப்படியே இருக்கிறது. முன்கூட்டியே பீரங்கியால் சுட்டு வேலியை அறுத்துவிடுவார்கள் என்பதுதான் திட்டம். அறுக்கவில்லை. ஆள் உயரத்துக்குச் சுருண்டு கிடந்த கம்பிக்கு முன்னால் கம்பெனி முழுக்க நின்றுபோனது. எதிரில் இருந்து சரமாரியாகத் துப்பாக்கிச்சூடு. கம்பெனியை நடத்தி வந்த மேஜர் கொல்லப்பட்டார். மற்றவர்கள் கிடைத்த பள்ளங்களில் பதுங்கினார்கள். முன்னே போகவும் வழியில்லை, பின்னே போகவும் முடியாது.

அந்த நேரத்தில்தான் ஜேம்ஸ் எழுந்து நின்று பையை ஊதி நிரப்பினார். முள்கம்பிக்கு இந்தப் பக்கம், வெட்டவெளியில், மேலும் கீழுமாக நடந்துகொண்டே வாசித்தார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் இல்லை, சுமார் பத்து நிமிடம். சுற்றிலும் ஆட்கள் விழுந்துகொண்டிருக்க, அவர் மேல் ஒரு குண்டுகூடப் படவில்லை. பதுங்கியிருந்தவர்கள் எழுந்தார்கள். கம்பியை நோக்கிப் பாய்ந்து, இடைவெளி கண்டுபிடித்து, குழிக்குள் குதித்தார்கள்.

இதை வீரம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போகலாம். நிறையப் பேர் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் முழுக்கதை அது இல்லை. அன்றைக்குப் பிடித்த இடத்தை அவர்களால் வைத்திருக்க முடியவில்லை. ஜெர்மானியர்களின் எதிர்த்தாக்குதலில் பின்வாங்க வேண்டியிருந்தது. ரெஜினா டிரெஞ்ச் முழுவதும் கனடாவின் கைக்கு வந்தது நவம்பர் 11-ல்தான். சோம் யுத்தத்தில் கனடா தரப்பில் மட்டும் இறந்தவர்கள், காயம்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் சேர்த்து 24,000 பேருக்கு மேல். அந்தப் பத்து நிமிட இசை கேட்டு எழுந்து ஓடியவர்களில் எத்தனை பேர் அந்த எண்ணிக்கையில் சேர்ந்தார்கள் என்பதற்குத் தனிக் கணக்கு கிடையாது. பைப் ஊதாமல் இருந்திருந்தால் அவர்கள் பள்ளத்திலேயே கிடந்து செத்திருக்கவும் கூடும். இரண்டு பக்கமும் உண்மைதான்.

ஜேம்ஸுக்கு என்ன ஆச்சு?

குழிக்குள் போன பிறகு அவர் பைப்பை ஓரமாக வைத்துவிட்டார். கையெறி குண்டு வீசுகிறவர்களோடு சேர்ந்து சண்டை போட்டார். கொஞ்ச நேரத்தில் அவருக்கு வேறு உத்தரவு வந்தது. காயம்பட்ட ஒரு தோழரையும், பிடிபட்ட ஜெர்மானியக் கைதிகளையும் பின்னால் அழைத்துக்கொண்டு போக வேண்டும்.

கிளம்பினார். சுமார் 200 கஜ தூரம் வந்திருப்பார். அப்போதுதான் பைப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. வேண்டாம், திரும்பிப் போகாதே என்று தடுத்துப் பார்த்தார்கள். கேட்கவில்லை. அழைத்து வந்தவர்களை அங்கே விட்டுவிட்டு, வந்த வழியே சண்டை நடக்கும் இடத்துக்குத் திரும்பினார்.

அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. 21-வது பிறந்தநாளுக்கு இன்னும் ஏழு வாரம் பாக்கி இருந்தது.

கைக்கெட்டும் தூரத்தில் பாதுகாப்பு இருக்கும்போது ஒரு பைப்புக்காக ஏன் போக வேண்டும்? விருதுக் குறிப்பில் அந்தப் பத்து நிமிடத்துக்குப் பாராட்டு இருக்கிறது, இந்தத் திரும்பிப் போனதற்கு விளக்கம் இல்லை. ஆனால் எந்த ஊர்லயும் ஒரு வாத்தியக்காரரைக் கேட்டுப் பாருங்க, அவருக்குப் புரியும்.

இரண்டு வருஷம் கழித்து, 1918 அக்டோபர் 22-ல், போர் முடிய மூன்று வாரம் இருக்கும்போது, பிரிட்டிஷ் பேரரசின் உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் அவருக்கு அறிவிக்கப்பட்டது.

முதல் உலகப் போரில் பைப்பராக இருந்து இந்த விருதைப் பெற்ற இன்னொருவர் டேனியல் லெய்ட்லா. 1915 செப்டம்பர் 25-ல் பிரான்ஸின் லோஸ் பகுதியில், விஷவாயுவுக்கு நடுவே குழி மேல் ஏறி நின்று ஊதியவர். காலில் காயம்பட்ட பிறகும் நிறுத்தவில்லை. இளவயதில் இந்தியாவில் பணியாற்றி, பம்பாய் பிளேக் நேரத்தில் செய்த சேவைக்குச் சான்றிதழ் வாங்கியவரும்கூட. ஜேம்ஸைப் போல இல்லாமல் அவர் உயிரோடு வீடு திரும்பினார். போருக்குப் பிறகு வேலை கிடைக்காமல் கஷ்டப்பட்டார். 1950-ல் இறந்தபோது கல்லறையில் பெயர்கூடப் பொறிக்கவில்லை. கல் வைத்தது 2002-ல்.

சண்டைச் சத்தம் அழுகைச் சத்தமானது எப்படி?

பேக்பைப்பில் ஒப்பாரி இசை போருக்கு முன்பே இருந்தது, அது புதிதில்லை. ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் மெக்ரிமன் என்ற பைப்பர் பரம்பரை புகழ்பெற்றது. அதில் பேட்ரிக் மோர் என்பவருக்கு எட்டு மகன்கள் இருந்ததாகவும், அம்மை நோயில் ஏழு பேரைப் பறிகொடுத்துவிட்டு அவர் இயற்றியதே பிள்ளைகளுக்கான ஒப்பாரி என்றும் மரபுக்கதை சொல்கிறது. 1513-ல் ஃப்ளாடன் போர்க்களத்தில் மன்னர் நான்காம் ஜேம்ஸோடு ஸ்காட்லாந்தின் ஒரு தலைமுறையே அழிந்தது. அதை நினைத்துப் பாடும் ஃப்ளவர்ஸ் ஆஃப் தி ஃபாரஸ்ட் என்ற மெட்டைப் பல பைப்பர்கள் இன்றைக்கும் சாவுக்கும் அஞ்சலிக்கும் மட்டும்தான் பொதுவில் வாசிப்பார்கள். பழகிப் பார்ப்பதாக இருந்தால் வீட்டுக்குள். கல்யாணத்தில் யாராவது கேட்டாலும் முடியாது என்று சொல்லிவிடுவார்கள்.

ஆனால் ஸ்காட்லாந்துக்கு வெளியே, கோடிக்கணக்கானவர்களின் மனதில் பைப்பையும் சாவையும் சேர்த்துக் கட்டியது 1914 முதல் 1918 வரையிலான அந்த நான்கு வருஷங்கள்தான் என்பது என் கணிப்பு. கனடாவில், ஆஸ்திரேலியாவில், நியூசிலாந்தில் எத்தனையோ சின்ன ஊர்களில் பைப்பர் முன்னால் ஊதிப் போக, பையன்கள் கைதட்டல் வாங்கிக்கொண்டு பின்னால் நடந்து போய் ரயில் ஏறினார்கள். சில வருஷம் கழித்து அதே தெருவில் நினைவுத்தூண் எழுப்பியபோது, பெயர்ப் பட்டியலுக்கு முன்னால் அதே பைப் வாசிக்கப்பட்டது. அம்மாக்களின் காதில் இரண்டும் ஒரே சத்தம். மெட்டு மட்டும்தான் வேறு.

இன்றைக்கும் நவம்பர் 11-ல் கனடாவில் நடக்கும் நினைவு நாள் நிகழ்ச்சியில் ஒரு வரிசை உண்டு. முதலில் பியூகிளில் லாஸ்ட் போஸ்ட், பிறகு இரண்டு நிமிட மௌனம், அதன் பிறகு பைப்பர் வாசிக்கும் லேமென்ட் என்ற ஒப்பாரி, கடைசியில் மறுபடி பியூகிள். மௌனத்தை உடைக்கும் உரிமை பைப்பருக்குத்தான்.

அமெரிக்காவில் கதை கொஞ்சம் வேறு. 19-ம் நூற்றாண்டில் அயர்லாந்து, ஸ்காட்லாந்தில் இருந்து வந்த ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள் போலீஸிலும் தீயணைப்புத் துறையிலும் நிறையச் சேர்ந்தார்கள். ஆபத்தான வேலை, அடிக்கடி சாவு. ஊரில் செய்த மாதிரி இங்கேயும் பைப் வாசித்தார்கள். நாளடைவில் அது துறையின் வழக்கமாகவே ஆகிவிட்டது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் நியூயார்க் தீயணைப்புத் துறை 343 பேரை இழந்தது. அதன் பைப் குழுவினர் மாதக்கணக்கில் சவ ஊர்வலங்களில் வாசித்தார்கள். 1972-ல் ராயல் ஸ்காட்ஸ் டிரகூன் கார்ட்ஸ் படைப்பிரிவு வெளியிட்ட அமேஸிங் கிரேஸ் இசைத்தட்டு பிரிட்டனில் முதலிடம் பிடித்ததில் இருந்து, அந்த மெட்டும் அஞ்சலி நிகழ்ச்சிகளில் நிரந்தரமாகிவிட்டது. நம்ம இந்திய ராணுவப் படைப்பிரிவுகளில் இருக்கும் பைப் பேண்டுகளும் பிரிட்டிஷ் காலத்தில் ஸ்காட்லாந்துப் படைகளிடம் இருந்து வந்தவைதான்.

85 வருஷம் காணாமல் போன பைப்

ஜேம்ஸின் உடல் பின்னர் கிடைத்தது. சோம் பகுதியில் மிரோமான் என்ற ஊருக்குப் பக்கத்தில் ராணுவக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். கல்லறையின் பெயர் அடனாக். கனடா என்பதன் ஆங்கில எழுத்துகளைப் பின்னால் இருந்து திருப்பிப் படித்தால் வரும் பெயர். போர் முடிந்த பிறகு, சுற்றுவட்டாரப் போர்க்களங்களில் சிதறிக் கிடந்தவர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். 3,000-க்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். அதில் பாதிக்கு மேல் யார் என்றே தெரியாதவர்கள். ஜேம்ஸின் கல்லில் பெயர் இருக்கிறது.

பைப் மட்டும் கிடைக்கவில்லை. சோம் சேற்றில் புதைந்து போயிருக்கும் என்றே குடும்பமும் பட்டாலியனும் நினைத்தன.

உண்மையில் நடந்தது வேறு. 1917-ல் அந்தப் பக்கம் போன ஒரு பிரிட்டிஷ் ராணுவப் பாதிரியார் கண்ணில், சேறு அப்பிய, உடைந்த பைப் ஒன்று பட்டது. யாருடையது என்று தெரியவில்லை. தூக்கிப் போட மனம் வராமல் கூடவே கொண்டுபோனார். அவர் ஆசிரியராக இருந்த பள்ளி ஸ்காட்லாந்தின் கிரீஃப் ஊரில் உள்ள ஆர்ட்வ்ரெக் பள்ளி. பைப் அங்கே போய்ச் சேர்ந்தது. பல பத்தாண்டுகள் அந்தப் பள்ளியிலேயே இருந்தது. சேறு படிந்தபடியே, உரிமையாளர் பெயர் இல்லாமல். ஜேம்ஸ் பிறந்த பெல்ஸ்ஹில்லில் இருந்து கிரீஃப் அதிக தூரம் இல்லை. அவரைத் தேடிக்கொண்டிருந்த கனடாவுக்கோ, ஒரு பெருங்கடல் தூரம்.

2002-ல் அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் பெற்றோர் ஒருவருக்கு அது யாருடையது என்று தெரிந்துகொள்ளும் ஆர்வம் வந்தது. இணையத்தில் விசாரித்தார். விசாரிப்பு கனடாவின் விக்டோரியா நகருக்குப் போய்ச் சேர்ந்தது. 16-வது பட்டாலியனின் வாரிசாக இன்றும் இருக்கும் கனடியன் ஸ்காட்டிஷ் ரெஜிமென்ட்டின் ஊர் அது. 2003 ஜனவரியில் அங்கிருந்து ஒரு பைப் மேஜர் ஸ்காட்லாந்துக்கே நேரில் வந்து பார்த்தார். பையில் மிச்சமிருந்த கட்டம் போட்ட துணி லெனக்ஸ் டார்டன். 16-வது பட்டாலியனின் பைப்பர்கள் வைத்திருந்த அதே துணி. அங்கிருந்து ஒவ்வொரு தடயமாகச் சரிபார்த்ததில், அது ஜேம்ஸ் ரிச்சர்ட்சனின் பைப் என்ற முடிவுக்கு வந்தார்கள். அதே 2003-ல் சில்லிவாக்கில் அவருக்கு வெண்கலச் சிலையும் வைத்தார்கள். கில்ட் கட்டி, கையில் பைப்போடு.

பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் கொடுத்த பணத்தில், 2006 அக்டோபரில் பைப் கனடாவுக்குப் புறப்பட்டது. நவம்பர் 8-ல் விக்டோரியாவில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா சட்டமன்றக் கட்டடத்தில் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். அதை எடுக்கத் திரும்பிப் போனவர் காணாமல் போய்ச் சரியாக 90 வருஷமும் ஒரு மாதமும் ஆகியிருந்தது.